டீச்சரிடம் கேளுங்கள்: பலகாரச் சட்டியும் பாலன் குடிலும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கிறிஸ்துமஸ் ஏற்பாடுகளைப் பற்றியே இருந்தன. மற்றக் கேள்விகளை ஜனவரி இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டிருந்ததால் யாருடைய பெயரையும் போடவில்லை.

டீச்சர், நான் தனியார் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கிறேன். கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார். கோட்டாறு சவேரியார் திருவிழா முடிந்த மறுநாளே எங்கள் வீட்டில் வேலை தொடங்கிவிடும். ஒட்டடை, பெயின்ட், திரைச்சீலை, தையல் கடை, அப்புறம் முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, முறுக்கு, அதிரசம், கேக். நள்ளிரவுப் பூசையில் முதல் வாசகத்துக்கே கண் சொருகிவிடுகிறது. கிறிஸ்துமசுக்கு முந்தைய நான்கு வாரத் திருவருகைக் காலம் முழுக்க உருப்படியாக ஒரு செபம் சொன்ன நினைவில்லை. மார்த்தா மாதிரி ஆகிவிட்டேனோ? இந்த வேலைகளுக்குள் ஆண்டவர் எங்கே இருக்கிறார்?
– வாசகி, மார்த்தாண்டம்

மகளே, முதலில் மார்த்தாவைப் பற்றிய பயத்தை விடுங்கள். வீட்டுக்கு வந்த ஆண்டவரை உபசரிக்க ஓடியாடியவள் அவள். ஆண்டவர் அவளிடம் சமைக்காதே என்று சொல்லவில்லை. பலவற்றைப் பற்றிக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய் என்றுதான் சொன்னார். பின்னாளில் சகோதரன் லாசர் இறந்தபோது, நீரே மெசியா, இறைமகன் என்று வாய்விட்டு அறிக்கையிட்டவள் அதே மார்த்தாதான். யோவான் 11-இல் இருக்கிறது. வேலை செய்த கை அவளுடைய விசுவாசத்தைக் குறைத்துவிடவில்லை.

இப்போது லூக்கா 2-ஆம் அதிகாரத்தை எடுத்து நிதானமாக வாசியுங்கள். ஆண்டவரின் பிறப்பைப் பற்றி அங்கே இருப்பது மிகக் கொஞ்சம். குழந்தை பிறந்ததும் மரியா செய்ததாக லூக்கா இரண்டே வேலைகளைச் சொல்கிறார். துணியில் பொதிந்தார், தீவனத் தொட்டியில் கிடத்தினார். அந்த நிமிடத்தில் என்ன செபம் சொன்னார் என்று எழுதவில்லை. பிறகு வயல்வெளியில் இடையர்களுக்கு வானதூதர் தோன்றுகிறார். மெசியாவை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவர்களுக்கு அடையாளம் சொல்ல வேண்டும். ஒளிவட்டத்தையோ வீட்டு வாசலையோ அவர் சொல்லவில்லை. துணியில் பொதிந்து தொட்டியில் கிடத்தப்பட்டிருக்கும் குழந்தையைக் காண்பீர்கள், அதுதான் அடையாளம் என்கிறார். யோசித்துப் பாருங்கள், இடையர்கள் தேடிப் போன அடையாளம் ஒரு தாய் தன் கையால் செய்த வீட்டு வேலை! அவர் துணி சுற்றிக் கிடத்தியிராவிட்டால் அவர்களுக்கு அந்த அடையாளமே இருந்திருக்காது.

நான் வேலையையும் பக்தியையும் பிரித்துப் பேசாததற்கு இதுதான் காரணம். டிசம்பர் வந்தால் பிரசங்கங்களில் ஒன்று கேட்போம்: வீட்டுக்கு வெள்ளையடித்தோம், உள்ளத்துக்கு வெள்ளையடித்தோமா? சொல்பவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அடுப்படியில் நிற்பவளுக்கு இது இன்னொரு சுமையாகவே போய்ச் சேருகிறது. ஒட்டடை அடிப்பது போதாது, அதற்கு ஓர் அர்த்தமும் கண்டுபிடித்து ஒட்ட வேண்டும் என்றாகிவிடுகிறது. ஒட்டடை ஒட்டடையாகவே இருக்கட்டும். ஒரே ஒரு கேள்வி போதும்: இந்த வேலையால் யாருக்கு இடம் உண்டாகிறது?

மாடி அறையைச் சுத்தம் செய்கிறீர்கள். ஊரிலிருந்து வரும் வயதான அத்தை அங்கே படுப்பார் என்றால் அது ஆண்டவருக்கு விரித்த படுக்கைதான், சந்தேகமே வேண்டாம். திரைச்சீலையை நாத்தனார் வந்து குறை சொல்லிவிடக் கூடாதே என்று துவைக்கிறீர்கள் என்றால், அதை இந்த வருஷம் விட்டுவிடலாம்.

பலகாரத்துக்கு வருவோம். முந்திரிக்கொத்து சாதாரண வேலை இல்லை. சிறுபயறை வறுத்து, உடைத்து, தொலி புடைத்து, திரித்து, தேங்காயும் எள்ளும் ஏலமும் சுக்கும் சேர்த்துப் பாகு ஊற்றி, சூடு ஆறும் முன்னே உருட்டியாக வேண்டும். ஒருத்தி தனியாக உருட்டினால் பாதியிலேயே பாகு இறுகிவிடும். அதனால்தான் எங்கள் அம்மா காலத்தில் பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். இன்று நம் வீட்டில், நாளை அவர்கள் வீட்டில். ஒருத்தி உருட்ட, ஒருத்தி மாவில் முக்க, ஒருத்தி எண்ணெய்ச் சட்டியைப் பார்க்க, கூட இருக்கும் பாட்டி செபமாலையைத் தொடங்கிவிடுவார். மற்றவர்கள் உருட்டிக்கொண்டே அருள்நிறை மரியே சொல்வார்கள். பாகு பதம் பார்க்கும்போது செபம் நிற்கும், பிறகு தொடரும். யாரும் அதைக் குறையாக நினைக்கவில்லை. அச்சுமுறுக்கும் அப்படித்தான். முதல் இரண்டு மூன்று அச்சை விட்டு வராமல் ஒட்டிக்கொண்டு பொறுமையைச் சோதிக்கும். கூட இன்னொருத்தி இருந்தால் சிரித்துக்கொண்டே தாண்டிவிடலாம்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். ஐந்து பலகாரம் வேண்டாம், இரண்டு போதும். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் செபத்துக்குக் கூடும் உங்கள் அன்பியத்தில் உங்களைப் போலவே வேலைக்குப் போகும் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமை ஒரே வீட்டில் செய்து பங்கிட்டுக்கொள்ளுங்கள். மாமியாரிடம், “அத்தை, இந்த வருஷம் நீங்கள் பக்குவம் சொல்லுங்கள், நாங்கள் செய்கிறோம்” என்று நாற்காலியைப் போட்டு உட்கார வையுங்கள். ஐந்து பலகாரம் கேட்பவர்களில் பலர் கேட்பது பலகாரத்தை அல்ல, தங்களுக்குத் தெரிந்ததை யாராவது மதிக்க வேண்டும் என்பதைத்தான். கணவருக்கும் பிள்ளைகளுக்கும் பெயின்ட் வேலையையும் ஒட்டடையையும் கொடுத்துவிடுங்கள். ஒருத்தி ஓடி ஓடிச் சாய, மற்றவர்கள் உட்கார்ந்து டிவி பார்க்கும் வீட்டில் நடப்பதைத் திருவிழா ஏற்பாடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

செபத்துக்குத் தனியாக நேரம் தேடி அலைய வேண்டாம். மாலை ஆறு மணிக்குக் கோவில் மணி அடிக்கும் இல்லையா? அடுப்பைக் குறைத்துவிட்டு, நின்ற இடத்திலேயே மூவேளைச் செபம் சொல்லுங்கள். தூதர் மரியாவிடம் வந்ததும், அவர் சம்மதித்ததும், வார்த்தை மனுவுருவானதும் எல்லாம் அதற்குள் இருக்கிறது. திருவருகைக் காலத்துக்கு அதைவிடப் பொருத்தமான செபம் எனக்குத் தெரியாது. இரண்டு நிமிடம்கூட ஆகாது.

இன்னொன்று. டிசம்பர் 24 மதியத்துக்கு மேல் எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். முடியாதது முடியாததாகவே இருக்கட்டும். படுத்துத் தூங்குங்கள். பூசையில் கண் சொருகாது.

எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இந்த முறை ரெடிமேட் குடில் செட் வாங்கச் சொல்கிறார்கள். ஒயரைச் சொருகினால் அருவி ஓடும், விளக்கு எரியும், பாட்டுப் பாடும். நான் சிறுவனாக இருந்தபோது வைக்கோலும் களிமண்ணும் வைத்துக் கட்டினோம். வாங்கிக் கொடுப்பதா, வேண்டாமா? குழந்தை இயேசுவை எப்போது வைக்க வேண்டும்?
– வாசகர், திண்டுக்கல்

ஐயா, சொரூபங்களை வாங்குங்கள். குடிலைப் பிள்ளைகளே கட்டட்டும்.

குடிலின் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள், பிறகு அவர்களே கடை செட்டைக் கேட்க மாட்டார்கள். 1223-ஆம் ஆண்டு. இத்தாலியில் கிரேச்சியோ என்ற மலையூர். அசிசி நகர் பிரான்சிஸ் அங்கே இருந்த தம் நண்பர் ஒருவரிடம், கிறிஸ்துமசுக்குச் சுமார் இரண்டு வாரம் முன்பே சொல்லிவைத்தார்: பெத்லகேமில் பிறந்த பாலன் எவ்வளவு இல்லாமையோடு கிடந்தார் என்பதை என் கண்ணால் பார்க்க வேண்டும், தீவனத் தொட்டியும் வைக்கோலும் மாடும் கழுதையும் ஏற்பாடு செய் என்று. அந்த இரவு சுற்றுப்புற மக்கள் தீப்பந்தங்களும் மெழுகுவர்த்திகளும் ஏந்தி மலையேறி வந்தார்கள். தொட்டிக்கு மேல் பூசை நடந்தது. பிரான்சிஸ் குரு அல்ல, திருத்தொண்டர். அதனால் நற்செய்தியைப் பாடிப் பிரசங்கம் வைத்தார். அங்கே ஒரு சொரூபம்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். வைக்கோலும் விலங்குகளும் மக்களும்தான். 2019 டிசம்பர் 1 அன்று அப்போதைய திருத்தந்தை பிரான்சிஸ் அதே கிரேச்சியோவுக்குப் போய்க் குடிலைப் பற்றிய தம் திருத்தூது மடலில் கையெழுத்திட்டார். வீடுகளில் குடில் கட்டும் வழக்கம் விட்டுப்போய்விடக் கூடாது என்பதே அவருடைய கவலையாக இருந்தது.

பிள்ளைகளுக்கு இன்னொரு வேலையும் கொடுங்கள். டிசம்பர் 12, 13 வாக்கில் கேழ்வரகையோ கம்பையோ ஒரு இரவு ஊறவைத்து, தட்டில் ஈர மண் பரப்பித் தூவச் சொல்லுங்கள். காலையும் மாலையும் தண்ணீர் தெளிப்பது அவர்கள் பொறுப்பு. 24-ஆம் தேதி பச்சைப் பசேலென்று புல் எழும்பியிருக்கும், குடிலுக்கு முன்னால் வைக்கலாம். கடையில் பச்சைத் தாள் கிடைக்கும்தான். ஆனால் தண்ணீர் தெளித்துத் தெளித்துக் காத்திருப்பதில் ஒரு பிள்ளை திருவருகைக் காலத்தைத் தானாகவே கற்றுக்கொள்கிறது. நான் மறைக்கல்வி வகுப்பில் கரும்பலகையில் எழுதிச் சொல்லிக்கொடுத்ததைவிட அந்தத் தட்டு நன்றாகச் சொல்லிக்கொடுத்தது.

மாடும் கழுதையும் லூக்கா நற்செய்தியில் கிடையாது. எசாயா முதல் அதிகாரத்திலிருந்து வந்தவை. காளை தன் உடைமையாளனை அறியும், கழுதை தன் தலைவனின் தீவனத் தொட்டியை அறியும், என் மக்களோ அறியவில்லை என்று ஆண்டவர் வருந்துகிற இடம் அது. பிள்ளைகள் அவற்றைத் தொட்டிக்கு அருகில் வைக்கும்போது அந்த வசனத்தை வாசித்துக்காட்டுங்கள்.

குழந்தை இயேசுவை நள்ளிரவுப் பூசை முடிந்து வந்ததும் வையுங்கள். வீட்டில் கடைக்குட்டி யாரோ அந்தக் கைதான் வைக்க வேண்டும். அதுவரை தொட்டி காலியாக இருக்கட்டும். டிசம்பர் முதல் தேதியே எல்லாவற்றையும் வைத்து முடித்துவிட்டால் எதற்காகக் காத்திருக்கிறோம்? மூன்று அரசர்களையும் அன்றே கொண்டுவந்து நிறுத்த வேண்டாம். ஜன்னல் ஓரத்தில், அலமாரி மேல் என்று தூரத்தில் வைத்து, நாளுக்கு நாள் கொஞ்சம் நகர்த்தி, அவர்கள் பாலனைக் கண்டதை நினைவுகூரும் திருக்காட்சி விழாவன்று குடிலுக்கு வரவையுங்கள். பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடிக்கும்.

ஸ்தோத்திரம் டீச்சர். நாங்கள் சி.எஸ்.ஐ. சபை. என் மகள் நான்கு மெழுகுவர்த்தி வைத்த வளையம் ஒன்றை வீட்டில் வைக்க ஆசைப்படுகிறாள். அது கத்தோலிக்க வழக்கம் என்று என் அண்ணன் சொல்கிறார். வைக்கலாமா?
– வாசகி, பாளையங்கோட்டை

தாராளமாக வையுங்கள் அம்மா. அதைத் தொடங்கியவர் யோகான் வீகெர்ன் என்ற லூத்தரன் போதகர், ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், 1839-இல். ஏழைப் பிள்ளைகளுக்கான இல்லம் ஒன்றை அவர் நடத்திவந்தார். கிறிஸ்துமஸ் எப்போது, எப்போது என்று பிள்ளைகள் ஓயாமல் கேட்டதால், ஒரு மரச் சக்கரத்தின் மேல் வார நாள்களுக்குச் சிறிய மெழுகுவர்த்திகளும் ஞாயிறுகளுக்கு நான்கு பெரியவையும் வைத்து, நாளுக்கு ஒன்றாக ஏற்றினார். எங்கள் கோவில்களுக்கு அது உங்கள் பக்கத்திலிருந்து வந்தது. அண்ணனிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

பிளாஸ்டிக் இலை தேட வேண்டாம், சவுக்குக் கிளை போதும். சனிக்கிழமை இரவு விளக்கை அணைத்துவிட்டு, அந்த வாரத்து மெழுகுவர்த்தியின் வெளிச்சத்தில் மட்டும் குடும்ப ஜெபம் செய்யுங்கள். மகளே ஏற்றட்டும்.

என் அப்பா ஆகஸ்ட் மாதம் இறந்துபோனார். இந்த வருஷம் நம் வீட்டில் பண்டிகை இல்லை, ஸ்டார் போடக் கூடாது, குடில் வைக்கக் கூடாது, அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறக் கூடாது என்று அத்தைகள் சொல்லிவிட்டார்கள். அம்மா எதுவும் பேசுவதில்லை. என் மகன் குடில் கட்டக் கேட்டுக்கொண்டே இருக்கிறான். கட்டினால் அப்பாவை மறந்த மாதிரி ஆகிவிடுமோ என்று எனக்கும் இருக்கிறது. திருச்சபை என்ன சொல்கிறது?
– வாசகி, தூத்துக்குடி

உங்கள் அப்பாவின் ஆன்மா ஆண்டவரில் இளைப்பாறட்டும், மகளே. உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டுச் சிறிது நேரம் வேறு எதுவும் எழுதவில்லை.

துக்க வீட்டில் கிறிஸ்துமஸ் கூடாது என்று திருச்சபைச் சட்டம் எதுவும் இல்லை. அது நம் ஊர் வழக்கம். அந்த வழக்கத்தை நான் இகழ மாட்டேன். இந்த வீட்டில் ஒருவர் குறைகிறார் என்பதை ஊர் அறிந்து, மதித்து, கொஞ்சம் சத்தத்தைக் குறைத்துக்கொள்வது நல்ல மனுஷத்தனம். அத்தைகள் கேட்பதும் தங்கள் அண்ணனுக்கான மரியாதையைத்தான். பலகாரம் செய்யாத வீட்டுக்குச் சுற்றியிருப்பவர்கள் தட்டில் கொண்டுவந்து கொடுப்பார்களே, அது அந்த வழக்கத்தின் மறுபாதி. கொண்டுவருகிறவர்களை வேண்டாம் என்று திருப்பி அனுப்பாதீர்கள்.

ஆனால் ஸ்டாரும் பட்டாசும் வேறு, குடில் வேறு. குடில் கொண்டாட்டப் பொருள் அல்ல. சத்திரத்தில் இடம் கிடைக்காத ஒரு குடும்பம், வெளியே இருட்டு, நடுவில் ஒரு குழந்தை. துக்க வீட்டில் வைக்கத் தகாத எதுவும் அதில் இல்லை. நள்ளிரவுப் பூசையில் வாசிக்கும் எசாயாவின் பகுதி, இருளில் நடந்துவந்த மக்கள் பேரொளியைக் கண்டதைத்தான் சொல்கிறது. இருட்டில் இருப்பவர்களுக்குத்தான் அந்தச் செய்தி முதலில் சேர வேண்டும். கிறிஸ்துமசுக்கு அடுத்த நாளைத் திருச்சபை யாருக்குக் கொடுத்திருக்கிறது என்று பாருங்கள்: கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவானுக்கு. 28-ஆம் தேதி, ஏரோது கொன்ற மாசில்லாக் குழந்தைகளுக்கு. பிறப்பின் பக்கத்திலேயே சாவை வைக்கத் திருச்சபை தயங்கவில்லை.

எங்கள் கடற்கரை ஊர்களுக்கு இது புத்தகத்தில் படித்த விஷயம் அல்ல. 2004-இல் கிறிஸ்துமஸ் சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு காலை கடல் உள்ளே வந்தது. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று கரை முழுக்க, வாசலில் ஸ்டார் தொங்கிய வீடுகளே போயின. அதற்கு அடுத்த டிசம்பரில் மணக்குடிப் பக்கம் ஒரு தாயைப் பார்க்கப் போனேன். பிள்ளையை இழந்தவள். வீட்டில் ஸ்டார் இல்லை, பலகாரம் இல்லை. மூலையில் குடில் மட்டும் இருந்தது. “மாதாவும் பிள்ளையைப் பறிகொடுத்தவள்தானே டீச்சர், அவளை எப்படி வேண்டாம் என்று சொல்வது?” என்றாள். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. 2017-இல் ஒக்கிப் புயலுக்குப் பிறகு தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களிலும் அப்படித்தான். கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பவில்லை. கொண்டாட்டம் இல்லை, ஆனால் பூசைக்குக் கோவில் திறந்திருந்தது.

அதனால் மகன் குடில் கட்டட்டும். பாட்டியைக் கூட உட்கார வைத்துக்கொண்டு கட்டட்டும். தாத்தா எப்படிக் கட்டுவார் என்று அவன் பாட்டியிடம் கேட்டால், பேசாமல் இருக்கும் உங்கள் அம்மா வாய் திறக்க ஒரு வழி பிறக்கலாம். 25-ஆம் தேதி பூசை ஒன்றை அப்பாவுக்காக ஒப்புக்கொடுக்கக் கருத்துக் கொடுங்கள். டிசம்பரில் சீக்கிரமே நிறைந்துவிடும், இப்போதே கோவில் அலுவலகத்தில் சொல்லிவையுங்கள். பூசை முடிந்து கல்லறைக்குப் போய் வாருங்கள். அப்பா ஒவ்வொரு வருஷமும் யாருக்காவது ஏதாவது கொடுத்திருப்பார், ஒரு வேட்டியோ, ஒரு மூட்டை அரிசியோ. அதை இந்த வருஷமும் நிறுத்தாமல் கொடுங்கள். அத்தைகளோடு வாதாட வேண்டாம். ஸ்டார் போடவில்லை, பலகாரம் செய்யவில்லை, குடில் மட்டும் அப்பா நினைவாக வைக்கிறோம் என்று முன்கூட்டியே போன் செய்து சொல்லிவிடுங்கள்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கிறேன். போனஸ் தீபாவளிக்கே வந்து, வீட்டு வாடகை பாக்கிக்குப் போய்விட்டது. மூன்று பிள்ளைகளுக்கும் புதுத்துணி எடுக்க வட்டிக்கு வாங்கலாமா என்று யோசிக்கிறேன். கோவிலில் எல்லாரும் புதுசாக வரும்போது என் பிள்ளைகள் மட்டும் பழசில் நிற்பதை நினைத்தால் தாங்கவில்லை.
– வாசகர், திருப்பூர்

தம்பி, வட்டிக்கு வாங்க வேண்டாம். டிசம்பர் 25-க்கு எடுத்த துணிக்கு ஈஸ்டர் வரை வட்டி கட்டுவது உங்கள் பிள்ளைகளின் சோற்றிலிருந்துதான் போகும்.

லூக்கா 2-ஆம் அதிகாரத்தைக் கொஞ்சம் தள்ளி வாசியுங்கள். குழந்தையைக் கோவிலில் ஒப்புக்கொடுக்கப் போனபோது சூசையும் மரியாவும் செலுத்த வேண்டிய காணிக்கை என்று லூக்கா எழுதியிருப்பது புறாக்களைத்தான். லேவியர் 12-இல் சட்டம் இருக்கிறது: ஓர் ஆட்டுக்குட்டி கொண்டுவர வேண்டும், அதற்கு வசதி இல்லாதவர்கள் இரண்டு காட்டுப் புறாக்களையோ புறாக் குஞ்சுகளையோ கொண்டுவரலாம். சூசை தச்சர், உங்களைப் போலவே கைத்தொழிலாளி. ஆட்டுக்குட்டிக்குக் கடன் வாங்கவில்லை. ஏழைகளுக்கு என்று சட்டம் விட்டிருந்த வழியில் எல்லார் கண் முன்னாலும் போய் நின்றார். ஆண்டவருடைய குடும்பம் கோவிலுக்குள் நுழைந்தது அப்படித்தான்.

உங்கள் கையில் தொழில் இருக்கிறது. வெட்டுத்துணி விலைக்குக் கிடைத்தால் வாங்கி, பிள்ளைகளுக்கு நீங்களே தைத்துக்கொடுங்கள். முடியாவிட்டால், இருப்பதில் நல்லதைத் துவைத்துத் தேய்த்துப் போட்டு அழைத்துப்போங்கள். பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லுங்கள், அவர்கள் நாம் நினைப்பதைவிட நன்றாகப் புரிந்துகொள்வார்கள். பங்கில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபை இருந்தால் அவர்களிடம் பேசுவதில் வெட்கம் எதுவும் இல்லை.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளைக்கு மூன்று ஜோடி எடுக்கிறீர்களா? ஒன்றைக் குறைத்து, பெயர் சொல்லாமல் பங்குத்தந்தையிடம் கொடுத்துவிடுங்கள். துணி புதுசாக இருக்க வேண்டும். பீரோவில் கழித்துக்கட்டியதைக் கொடுக்காதீர்கள். இதில் நான் கண்டிப்பானவள்.

நான் இந்துக் குடும்பத்தில் பிறந்தவள். மே மாதம் கிறிஸ்தவரைத் திருமணம் செய்துகொண்டேன். யாரும் என்னை மதம் மாறச் சொல்லவில்லை. இது எனக்கு முதல் கிறிஸ்துமஸ். மாமியார் வாசல் அலங்காரத்தை என்னிடம் விட்டிருக்கிறார். நம்பிக்கை இல்லாமல் செய்தால் நடிப்பது போல் ஆகாதா?
– வாசகி, கோயம்புத்தூர்

இப்படிக் கேட்கும் நேர்மை உள்ளவர் நடிக்க மாட்டார், மகளே. உங்களுக்குத் தெரியாத எதையும் செய்ய வேண்டாம். தெரிந்ததைச் செய்யுங்கள். மார்கழி பிறப்பதும், எங்கள் ஒன்பது நாள் செபமான கிறிஸ்துமஸ் நவநாள் தொடங்குவதும் பெரும்பாலும் ஒரே நாள், டிசம்பர் 16. விடியும் முன்னே எழுந்து, பனியில் வாசல் தெளித்துக் கோலம் போட்டு ஒரு நல்ல நாளுக்குக் காத்திருக்கும் பழக்கம் உங்கள் கையிலேயே இருக்கிறது. கோலம் போடுங்கள். நட்சத்திரக் கோலம் போட வேண்டும் என்றுகூட இல்லை, உங்கள் அம்மா சொல்லிக்கொடுத்த புள்ளிக் கோலமே போடுங்கள். உங்கள் மாமியார் அதைத்தான் எதிர்பார்த்து உங்களிடம் விட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

மத்தேயு நற்செய்தியில் நட்சத்திரத்தைப் பின்தொடர்ந்து வந்த ஞானிகள், குடிலில் மூன்று அரசர்களாக நாம் வைப்பவர்கள், யூத மக்களைச் சேர்ந்தவர்கள் அல்லர். கிழக்கிலிருந்து வந்தவர்கள். தங்கள் நாட்டில் கற்ற வான சாஸ்திரத்தைக் கொண்டே வழி கண்டார்கள், தங்களிடம் இருந்ததையே திறந்து வைத்தார்கள். யாரும் அவர்களை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கவில்லை.

பூசைக்குப் போனால் ஒன்று மட்டும். நற்கருணை வாங்க வரிசையில் போக வேண்டாம், அது திருமுழுக்குப் பெற்று ஆயத்தம் செய்தவர்களுக்கு உரியது. இருக்கையில் அமர்ந்து, உங்கள் மனத்தில் இருப்பதை உங்கள் வார்த்தையிலேயே சொல்லுங்கள். பொங்கலுக்கு மாமியாரை உங்கள் அம்மா வீட்டுக்கு அழைத்துப்போக மறக்காதீர்கள்.

செவிலியராக இருக்கிறேன். டிசம்பர் 24 இரவு டூட்டி போட்டுவிட்டார்கள். குடும்பத்தோடு நள்ளிரவுப் பூசைக்குப் போக முடியாது என்பது பெரிய வருத்தம்.
– வாசகி, சென்னை

கிறிஸ்து பிறப்புக்கு மூன்று பூசைகள் உண்டு: இரவில் ஒன்று, விடியலில் ஒன்று, பகலில் ஒன்று. டூட்டி முடிந்து விடியல் பூசைக்குப் போக முடிகிறதா பாருங்கள். அந்தப் பூசையின் நற்செய்தி, இரவெல்லாம் கிடை காத்த இடையர்கள் எழுந்து பெத்லகேமுக்கு விரைந்த பகுதி. இரவு முழுக்க நோயாளிகளைக் காத்துவிட்டு வருகிற உங்களுக்கு அதைவிடப் பொருத்தமான வாசகம் ஏது! சீருடையிலேயே போங்கள். வீட்டில் குழந்தை இயேசுவைத் தொட்டியில் வைப்பதை, நீங்கள் திரும்பி வரும் வரை தள்ளிவைக்கச் சொல்லுங்கள்.

எங்கள் தெருவில் 26-ஆம் தேதியே ஸ்டாரைக் கழற்றிவிடுகிறார்கள். எதுவரை வைக்கலாம்?
– வாசகர், விருதுநகர்

கிறிஸ்துமஸ் காலம் 25-ஆம் தேதி தொடங்குகிறது, அன்றோடு முடிவதில்லை. ஜனவரியில் வரும் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை குடிலும் ஸ்டாரும் இருக்கலாம். நான் அதுவரை வைத்திருப்பேன். பண்டிகை நாளில் பார்க்க முடியாதவர்களைப் போய்ப் பார்க்கவும், வருகிறவர்களை உட்கார வைத்துப் பேசவும் இந்த நாள்கள்தான் வசதி. முதியோர் இல்லங்களுக்கு 25-ஆம் தேதி எல்லாரும் கேக்கோடு போகிறார்கள். 30-ஆம் தேதி யாரும் போவதில்லை. அன்று போங்கள்.

கழற்றும்போது ஒயரில் எங்காவது தோல் உரிந்திருக்கிறதா என்று பார்த்து, டேப் சுற்றி எடுத்துவையுங்கள். காகித ஸ்டார் என்றால் மடித்துப் பழைய வேட்டியில் பொதிந்து பரணில் போட்டால் அடுத்த வருஷத்துக்கும் ஆகும்.